வார்த்தை வரும்வரை

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது ஒரு சனிக்கிழமை காலையில். அப்போது நான் அவளிடமிருந்து பத்தடி தூரத்தில் இருந்தேன்.

முகப்பேர் மேற்கில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. லிஃப்ட் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் எனக்கு வேலை. அவள் பக்கத்துத் தெருவில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பத்தொன்பது வருஷமாக எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் பாடம் எடுத்தவள். ஒரே மகள், கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

அந்த வாரம் அலுவலகத்தில் ஏதோ பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. என்ன மாற்றம் என்பதுகூட இப்போது சரியாக நினைவில்லை. அன்று அது உலகத்திலேயே முக்கியமான காரியமாக இருந்தது. காலையில் எழுந்ததும் லேப்டாப்போடு சின்ன அறைக்குள் போய் உட்கார்ந்தவன்தான். காதில் ஹெட்செட், கைக்கெட்டும் தூரத்தில் போன். அவள் காபி கொண்டுவந்து வைத்ததுகூடத் தெரியாது. பிறகு பார்த்தபோது டம்ளர் காலியாக இருந்தது, குடித்திருக்கிறேன்.

நடுவில் ஒரு தரம் அவள் அறை வாசலில் வந்து நின்றாள். "என்னங்க, கை ஒரு மாதிரி..." என்று ஆரம்பித்தாள். நான் திரும்பவில்லை. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். ஒரு நிமிஷம் இரு என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அந்த விரலின் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். அவள் போய்விட்டாள்.

பசித்தபோதுதான் எழுந்தேன். சமையலறையில் ஃபிரிட்ஜில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் பாதி நறுக்கிய பீன்ஸ். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல முயன்றாள். வெறும் சத்தம்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் சின்ன வயதுக்காரர். அவளைப் பரிசோதித்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"சார், இவங்க நல்லா இருந்ததைக் கடைசியா எப்ப பாத்தீங்க?"

"காலைல."

"காலைலன்னா எத்தன மணி? எட்டா, ஒம்போதா, பத்தா? கொஞ்சம் யோசிச்சு சொல்லுங்க. மூளைல ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஒண்ணு இருக்கு. எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியாம அதைப் போட முடியாது. ஆபத்து."

யோசித்தேன். அவள் நல்லா இருந்ததை நான் எப்போது பார்த்தேன்? வாசலில் வந்து நின்றபோது பார்க்கவில்லை. காபி வைத்தபோது பார்க்கவில்லை. முந்தின நாள் சாப்பாட்டு நேரத்திலும் தட்டுக்குப் பக்கத்தில் போன் இருந்தது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது எந்தக் கிழமை என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"தெரியல டாக்டர்" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அந்த ஊசியைப் போடவில்லை. அவர்கள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. நேரத்தைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

அந்த விரலைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. கோயம்புத்தூரிலிருந்து அழுதுகொண்டே வந்து சேர்ந்த மகளிடமும் சொல்லவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "நல்லவேளை, நீங்க வீட்ல இருந்தீங்க." நான் தலையாட்டினேன்.

உயிர் பிழைத்தாள். வலது கை விழுந்துவிட்டது. வலது காலை இழுத்து இழுத்து நடக்க ஒரு மாதம் ஆயிற்று. ஆனால் பேச்சு வரவில்லை. நாம் சொல்வது எல்லாம் புரிந்தது. சொல்ல வேண்டியதும் உள்ளே இருந்தது. வெளியே வரும் வழிதான் அடைபட்டிருந்தது. முதலில் திரும்பி வந்த ஒரே வார்த்தை 'சாவி'. ஏன் அது மட்டும் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் சாவி, ஜன்னலைச் சாத்த வேண்டுமென்றாலும் சாவி. மகள் ஹாஸ்டலுக்குத் திரும்பிப்போய் முதல் தடவை வீடியோவில் கூப்பிட்டபோது, என் மனைவி அவளைத் தொடுவதுபோல இடது கையைத் திரையில் வைத்து, "சாவி" என்றாள். மகள் சிரித்துக்கொண்டே "சொல்லும்மா" என்றாள். அடுத்த நொடி திரையில் முகத்தைக் காணோம். ஹாஸ்டல் அறையின் மின்விசிறி மட்டும் தெரிந்தது.

குமணன்சாவடிக்குப் பக்கத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் இருப்பதாகச் சொன்னார்கள். மருந்துக்கடைக்கு மேலே சின்ன இடம். வயது முப்பதுகூட இருக்காது. வாரத்துக்கு இரண்டு நாள் ஆட்டோவில் அழைத்துப்போனேன். பெங்களூர் சாலையில் லாரி ஒலிப்பான் அடிக்கும்போதெல்லாம் அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியதும் மறுபடி ஆரம்பிப்பாள்.

இரண்டாம் நாள் அந்தப் பெண் ஒன்றைக் கண்டுபிடித்தாள். என் மனைவியால் 'மூணு' என்று தனியாகச் சொல்ல முடியாது. ஆனால் 'ஒண்ணு' என்று எடுத்துக்கொடுத்தால் பத்து வரைக்கும் கடகடவென்று ஓடிவிடுவாள். வரிசையாக மனதில் பதிந்தவை வேறு இடத்தில் இருக்குமாம், அவை தப்பித்துவிடுமாம். ஆகவே மூன்று இட்லி வேண்டுமென்றால் அவள் ஒன்றிலிருந்து ஆரம்பித்து மூன்றில் நிறுத்த வேண்டும். நிறுத்துவதுதான் கஷ்டம். பல நாள் நாலு, ஐந்து என்று தாண்டிப்போய் நெற்றியில் அடித்துக்கொள்வாள். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள்.

"மேடம்கூட வீட்ல தினமும் அரை மணி நேரம் நீங்க உக்காரணும் சார்" என்றாள் அந்தப் பெண். "இங்க வாரம் ரெண்டு நாள் வர்றது சும்மா. வீட்ல நடக்கிறதுதான் பயிற்சி. டிவி வேணாம், போன் வேணாம். வார்த்தை தேடும்போது எடுத்துக்கொடுக்காதீங்க. காத்திருங்க."

அரை மணி நேரம்தானே என்று நினைத்தேன்.

படம் போட்ட அட்டைகளை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். குடை, கரண்டி, செருப்பு. குடைப் படத்தைக் காட்டுவேன். அவள் உதடு அசையும், கண்ணை மூடுவாள், திறப்பாள். எனக்குப் பத்து விநாடிகூடத் தாங்காது. "கு... கு..." என்று எடுத்துக்கொடுத்துவிடுவேன். அலுவலகக் கூட்டங்களிலும் நான் அப்படித்தான். எதிராளி பேசி முடிப்பதற்குள் முடித்துவைப்பவன். கெட்டிக்காரன் என்று அதற்குப் பெயர் வாங்கியிருந்தேன். எடுத்துக்கொடுக்காத சமயங்களில் என் கை மேஜைக்கடியில் போனைத் தடவிக்கொண்டிருக்கும். அவள் தேடட்டும், அதற்குள் ஒரு செய்தியைப் பார்த்துவிடலாம் என்று தோன்றும்.

ஒரு மாதத்துக்குப் பிறகும் முன்னேற்றமில்லை. குமணன்சாவடிப் பெண் எங்கள் இருவரையும் வீட்டில் செய்கிற மாதிரியே செய்துகாட்டச் சொன்னாள். செய்தோம். பாதியில் நிறுத்தினாள்.

"சார், அவங்க வார்த்தை தேடும்போது நீங்க எங்க பாத்தீங்க?"

நான் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தேன்.

"அவங்க உங்க மூஞ்சியவேதான் பாத்துட்டிருக்காங்க. நீங்க கண்ணைத் திருப்பினதும் விட்டுட்டாங்க. பாதி வார்த்தை வாய்க்கு வந்திருச்சு சார். நான் பாத்தேன். நீங்க பாக்கல."

ஆட்டோவில் திரும்பும்போது வேலப்பன்சாவடி நெரிசலில் நெடுநேரம் நின்றோம். என் மனைவி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதமாக என் கை மேஜைக்கடியில் என்ன செய்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்வதற்குத்தான் அவளிடம் வார்த்தை இல்லை.

மறுநாளிலிருந்து என்னை நானே கட்டிப்போட ஆரம்பித்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். கை தானாகப் போய்த் திருப்பியது. சத்தத்தை அணைத்தேன், சத்தம் வராததனாலேயே எடுத்துப் பார்த்தேன். பீரோவில் வைத்துப் பூட்டினேன். பாத்ரூம் போகிற சாக்கில் எழுந்துபோய்த் திறந்தேன். ஐம்பதை நெருங்குகிற மனுஷன், பீரோக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று போன் பார்த்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. மனசு வைத்தால் முடியும் என்று சொல்வார்கள். என் மனசை நம்பி ஒன்றையும் ஒப்படைக்க முடியாது என்று அந்த நாட்களில் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் என் சோம்பேறித்தனத்தையே காவலுக்கு வைத்தேன். பயிற்சியைக் காலை ஆறரைக்கு மாற்றினேன். அதற்கு முன்னால் போனை எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி, ஸ்கூட்டர் சீட்டைத் திறந்து உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு ஏறி வருவேன். மறுபடி மூன்று மாடி இறங்க என் மூட்டு சம்மதிக்காது. லேப்டாப் பையிலேயே இருக்கும். கடிகாரத்தை எனக்குப் பின்பக்கச் சுவருக்கு மாற்றினேன். என் நாற்காலியை ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி திருப்பிப் போட்டேன். அவள் தேடும்போது நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு மனதுக்குள் முப்பது வரை எண்ணுவேன். முப்பதிலும் வரவில்லையென்றால் மறுபடி முப்பது. ஞாயிறு, பண்டிகை என்று எந்த நாளும் விலக்கில்லை. ஒரு நாள் விட்டால் மறுநாள் விடுவது சுலபம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் கட்டடத்துக் காவலாளிக்கு இது பெரிய மர்மமாக இருந்தது. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வழி மறித்தார்.

"இன்னா சார், டெய்லி காலங்காத்தால வந்து சீட்டத் தொறந்து மூடிகினு போறே? உள்ள இன்னா கீது?"

"போன்."

"போனா? ஊட்ல வைக்க எடமில்லியா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அம்மா பேசறாங்களா சார்?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல."

"பேசுவாங்க. நீ போ, வண்டிய நான் பாத்துக்கிறேன்."

முதல் சில வாரங்கள் அந்த அரை மணி நேரம் நரகமாக இருந்தது. செய்ய ஒன்றுமில்லாமல் ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்று அதுவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கீழ்வீட்டுக் குக்கர் விசில் கேட்கும். தண்ணீர் லாரி பின்னோக்கி வரும்போது அடிக்கிற மணி கேட்கும். கை போனைத் தேடும். பிறகு மெல்ல மெல்ல அவள் முகம் தெரிய ஆரம்பித்தது. இடது புருவத்துக்கு மேலே ஒரு பழைய தழும்பு இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. எப்படி வந்தது என்று கேட்டேன். சொல்ல முயன்றாள், முடியவில்லை. கையால் ஏதோ வளைத்துக் காட்டினாள். ஊஞ்சலா, கிணறா, சைக்கிளா? எனக்குப் புரியவில்லை. அவள் பேசிக்கொண்டிருந்த காலத்தில் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள்.

ஏழாவது வாரம் 'குடை' வந்தது. அதற்குப் பிறகு செருப்பு, பால், மழை. மகளின் பெயர் வந்த அன்று உடனே அவளைக் கூப்பிட மூன்று மாடி இறங்கி ஓடினேன். மூட்டு ஒன்றும் சொல்லவில்லை.

வார்த்தைகள் வந்தன, விகுதிகள் வரவில்லை. 'வாங்க' என்று சொல்ல வராது, 'வா' என்பாள். 'சாப்பிடுங்க' என்று வராது, 'சாப்பிடு'. கல்யாணமான நாளிலிருந்து என்னை வாங்க போங்க என்றே பேசியவள். முதல் தடவை "உக்காரு" என்றபோது அவளே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. அப்படியே இருக்கட்டும் என்றேன்.

ஆனால் கணக்கு திரும்பவில்லை. நீண்ட விடுப்பு முடிந்ததும் பள்ளியில் ராஜினாமாக் கடிதம் கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். நான் எழுதினேன், அவள் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். எழுத்துப் பழகுகிற பிள்ளையின் கிறுக்கல் மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தாளை என் பக்கம் தள்ளினாள். அந்த வாரமே காய்கறிக் கடையில் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண் ஓடிவந்து, "மிஸ், என்னை ஞாபகம் இருக்கா? கடைசி பெஞ்ச்!" என்றாள். என் மனைவியின் முகம் மலர்ந்தது. உதடு அசைந்தது. நான் மனதுக்குள் எண்ணினேன். இருபது வரைகூடப் போகவில்லை. அந்தப் பெண் பயந்துபோய், "பரவால்ல மிஸ், நான் வரேன்" என்று நகர்ந்துவிட்டாள். பெயர் வந்தது, நாங்கள் வீட்டுப் படியேறிக்கொண்டிருந்தபோது. இரண்டாவது மாடியில் நின்று, யாரும் இல்லாத படிக்கட்டில், அந்தப் பெயரை இரண்டு தடவை சொன்னாள்.

ஒரு வருஷம் தாண்டியபோது அந்த விரலை இனிமேல் என்னால் சுமக்க முடியாது என்றாகிவிட்டது. தினமும் அரை மணி நேரம் ஒருத்தியின் கண்ணை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு எதையும் மறைத்துவைக்க முடியாது. ஒரு காலையில் அட்டைகளை எடுக்காமல் ஒதுக்கி வைத்தேன்.

"அன்னைக்கு நீ ரூம் வாசல்ல வந்து நின்ன. கை ஒரு மாதிரி இருக்குன்னு சொன்ன. நான் திரும்பிப் பாக்கல. விரலைக் காட்டினேன். பாத்திருந்தா அந்த ஊசி போட்டிருப்பாங்க. நீ இப்ப ஸ்கூலுக்குப் போய்ட்டிருப்ப."

அவள் என்னையே பார்த்தாள். உதடு அசைய ஆரம்பித்தது. நான் நாக்கை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டேன்.

"ஒண்ணு" என்றாள்.

காத்திருந்தேன்.

"ரெண்டு. மூணு."

அங்கே நிறுத்தினாள். நான்குக்குப் போகவில்லை. சுத்தமாக நிறுத்தினாள். எனக்குப் புரியவில்லை. முப்பது வரை எண்ணினேன். மறுபடி முப்பது.

"கூப்ட்டேன்" என்றாள்.

மூன்று தடவை. எனக்கு நினைவிருப்பது ஒன்று. மற்ற இரண்டும் என்னிடம் இல்லை. எப்போது கூப்பிட்டாள், சமையலறையிலிருந்தா, கூடத்திலிருந்தா, விழுவதற்கு முன்னாலா, விழுந்த பிறகா? எவ்வளவு யோசித்தாலும் என் தலைக்குள் ஹெட்செட்டில் யாரோ பேசுகிற சத்தம் மட்டுந்தான் கேட்கிறது. மறந்துபோயிருந்தால்கூட என்றாவது நினைவுக்கு வரலாம். அந்தக் குரல் என்னை வந்து அடையவே இல்லை.

"மன்னிச்சிரு" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாமலா, சொல்லப் பிடிக்காமலா என்று முதல் தடவையாக எனக்குத் தெரியவில்லை. நாற்காலியைப் பிடித்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

மறுநாள் காலை அவள் மேஜைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போலப் போனைக் கீழே வைத்துவிட்டு வந்து, எதிரே ஆளில்லாத மேஜையில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்ட நேரம் எவ்வளவோ இருக்கும். இந்த அரை மணியாவது அவள் வந்தாலும் வராவிட்டாலும் அவளுக்கே இருக்கட்டும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அழுகை வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். எழுந்து வரவில்லை.

ஐந்தாம் நாள் வந்தாள். கையில் சீப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து கீழ்வீட்டு அம்மாதான் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவார்கள். அவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். என் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வாரு" என்றாள்.

எனக்குத் தெரியாது. மகள் சின்னவளாக இருந்தபோதுகூட நான் ஒரு தடவையும் வாரிவிட்டதில்லை. அதற்கெல்லாம் அப்போது எனக்கு நேரமிருந்ததில்லை. முடி மெலிந்து, காதோரம் முழுக்க நரைத்திருந்தது. சிக்கெடுக்கத் தெரியாமல் இழுத்தேன். அவள் தலை பின்னால் சாய்ந்தது. உச்சியிலிருந்து நடு வகிடு எடுத்தேன்.

இடது கையால் தடவிப் பார்த்தாள். அவள் ஏதோ வார்த்தையைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. முகம் எனக்குத் தெரியவில்லை. பிடரி மட்டுந்தான் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கோணல்" என்றாள்.

எங்கள் அட்டைகளில் அந்த வார்த்தை கிடையாது. நான் கலைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். அதுவும் கோணல்தான். மூன்றாவது தடவை எடுத்ததைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்துபோனாள்.

இப்போது தினமும் நான்தான் வாரிவிடுகிறேன். கீழ்வீட்டு அம்மா திரும்பி வந்த பிறகும் அவள் அங்கே போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. குமணன்சாவடிப் பெண் இனி வார்த்தைகள் நிறைய வராது, வந்ததைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் காலை ஆறரைக்கு முன்னால் போன் ஸ்கூட்டர் சீட்டுக்குள் போய்விடுகிறது.